அம்மாவின் இடது கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்ததா, வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாயா என்ற கவலையோடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், ஆனால் அம்மா நலம் என்பது பாதி உண்மை, நான் நலம் என்பது முழுப் பொய். பதினொரு நாளாக எனக்குக் கோபம். சாப்பாடு இறங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்கூட முறைத்துவிட்டு வருகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா நடுவில் வந்து இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். அதனால் இதைப் பொறுமையாக வீட்டில் உட்கார்ந்து படி, பேருந்தில் வைத்துப் படிக்காதே.

எங்கள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஊசி ஏற்றுவதற்கு எல்லா நர்சுகளுக்கும் மூன்று நாள் பயிற்சி என்று அறிவித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. இருபத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவன் நான். எந்த வார்டில் யாருக்கு நரம்பு கிடைக்காவிட்டாலும் ஒத்தக்குத்தைக் கூப்பிடு என்று என்னைத்தான் தேடி வருவார்கள், ஒரே குத்தில் ஏற்றிவிடுவதால் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை வகுப்பில் உட்காரவைத்துப் பிளாஸ்டிக் கையில் குத்தச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு உன் வயதுதான் இருக்கும். நானும் விறைப்பாகப் போய் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரே குத்தில் ஏற்றிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். அவள் அசரவில்லை. குத்துனது சரிங்க சார், குத்துன இடந்தான் தப்பு என்றாள். மடக்கி நீட்டுகிற இடத்தில் போட்டால் ஒரே நாளில் வீங்கிவிடும், திரும்பக் குத்த வேண்டிவரும், புறங்கைப் பக்கம் கீழிருந்து தொடங்கித்தான் மேலே போக வேண்டுமாம். நரம்பைத் தட்டக் கூடாதாம், வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் கையைத் தொங்கப்போடச் சொன்னால் தானே எழும்பி வருமாம். கண்ணால் தேடுவதைவிட விரல் நுனியால் தேடு, தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடி, ஊசியைச் சாய்த்து நுழை, ரத்தம் தெரிந்ததும் இன்னும் தாழ்த்தி ஒரு நூலளவு முன்னே தள்ளிவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே விடு, இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை நீ தொடாதே, வேறு ஆளைக் கூப்பிடு. இப்படி அடுக்கிக்கொண்டே போனாள். மறுநாள் வார்டில் எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு பாட்டிக்கு யாரும் பார்க்காதபோது ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தேன். எழும்பி வந்தது, வராமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவள், எந்தக் கையில் போடுவீங்க என்று பொதுவாகக் கேட்டாள். நோயாளி வேலை செய்யாத கையில் என்று முதல் ஆளாகச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சரி, ஆனால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களுக்கு அந்தக் கையைத்தான் கண்ணைப்போலக் காக்க வேண்டும் என்றாள். பின்னால் டயாலிசிஸ் செய்ய அந்தக் கையில்தான் ஒரு நரம்பைத் தமனியோடு இணைத்துத் தைப்பார்கள், அதற்குக் குத்துப்படாத நரம்பு வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் புறங்கையில் மட்டும் போடுங்கள் என்றாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வரியில் கை நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா காய்ச்சலோடு என் வார்டில் கிடந்தாளே, உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அழுதாயே, அப்போதே சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒன்பது நாளில் நான்கு முறை டிரிப்ஸ் ஊசி மாற்றினோம். வேறு யாரையும் கிட்டே விடவில்லை, நான்கையும் நானே போட்டேன், நான்கையும் இடது கையில். ஏன் தெரியுமா, தையல்காரியாயிற்றே, துணி வெட்டுகிற வலது கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். இப்போது டயாலிசிஸ் வரைக்கும் வந்துவிட்டதால் போன மாதம் ஸ்கேன் எடுத்த அறுவைச் சிகிச்சை டாக்டர், இடது கை நரம்பெல்லாம் அடைத்துக் கயிறாகிவிட்டது, இனி வலது கையில்தான் செய்ய வேண்டும் என்றார். எந்த முட்டாள் குத்திக் கெடுத்தான் என்று அவரிடமே சத்தம் போட்டேன், லேப்பில் ரத்தம் எடுத்தவர்களைச் சந்தேகப்பட்டேன். வாரம் மூன்று முறை வலது கையில் ஊசி ஏறினால், கனமான கத்திரியைப் பிடித்து அழுத்தி வெட்டுகிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னதை நான் உனக்குச் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் நேரே மேட்ரன் அறைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது எங்களுக்கு இதைச் சொல்ல வேண்டாமா, நாங்கள் என்ன ஆடு மாடா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து சர்குலர் நோட்டை எடுத்து, ஐந்து வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். வகுப்பில் அந்தப் பெண் சொன்னது வரிக்கு வரி அதில் ஒட்டியிருக்கிறது. கீழே பத்தொன்பது கையெழுத்து, நான்காவது என்னுடையது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது, டியூட்டி முடிந்து ஒரு காலை வாசலில் வைத்திருக்கும்போதுதான் அந்த நோட்டு வரும், முன்னால் நிற்பவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவோம், யாரும் படித்ததில்லை. முதல் கையெழுத்துப் போட்ட மேட்ரனும் படிக்கவில்லை, கேட்டதும் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் சொல்கிறார், சர்குலர் வந்துச்சு, எல்லாரும் பாத்தாச்சுன்னு கையெழுத்து இருக்கு, அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது. எப்படி எரியும் சொல். யாருடைய பொறுப்பு முடிந்தது? இப்போது நான் எந்தச் சர்குலர் வந்தாலும் டியூட்டி மாறும்போது நடுவில் நின்று சத்தமாகப் படிக்கிறேன், படித்து முடிக்காமல் ஒருவரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை. பஸ் போச்சு என்று திட்டுகிறார்கள், மேட்ரன் நாடகம் என்கிறார். திட்டட்டும். அவர்கள்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல் இருக்கிற கோபம் பெரிது. உன் அத்தை போனில், தெரியாமத்தானேண்ணே செஞ்சே, விடு என்றாள், தெரிஞ்சுக்கச் சொல்லிக் காகிதம் வந்துச்சு என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன், நீ ஒரு வார்த்தை பேசிச் சமாதானப்படுத்து. நீயும் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று சிரித்தாயே, இன்றைக்கே எடுத்து முழுசாகப் படி.

அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்தி இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீங்க போட்டா வலிக்கவே வலிக்காதுங்க, அதனாலதான் உங்களையே போடச் சொன்னேன் என்றாள். என்னை நாலு அடி அடித்திருந்தால் தேவலை. அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள், அது நியாயம்தான்.

நேற்று டியூட்டி முடிந்து வந்தேன். வெட்டுகிற மேசைமேல் பழைய போர்வையை விரித்துச் சாக்பீஸில் கோடு போட்டு, கத்திரியை இடது கையில் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள். எலி கடித்த மாதிரி வெட்டு. கட்டைவிரல் கன்றிச் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே, இது வலது கைக்குச் செஞ்ச கத்திரி, இடது கையில புடிச்சா கோட்டையே மறைக்குது, பொண்ணுகிட்டச் சொல்லி இடது கைக் கத்திரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க என்றாள். இங்கே கடைகளில் கேட்டேன், அப்படி ஒன்று உண்டா என்று சிரிக்கிறார்கள்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் மகளே, உன்னை நினைத்துத்தான் நாங்கள் இருவரும் தெம்பாக இருக்கிறோம். கத்திரியை மறக்காதே. பத்து அங்குலம், தையல்காரர்கள் துணி வெட்டுவது, வீட்டுக் கத்திரி வேண்டாம். வாங்கும்போது நீயே இடது கையில் பிடித்து வெட்டிப் பார். அறுவைச் சிகிச்சை வருகிற பதினெட்டாம் தேதி, அதற்கு முன்னால் கத்திரி வந்து சேர வேண்டும். வலது கை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும்போதே இடது கை பழகிவிட வேண்டுமாம்.

அன்புடன்,
உன் அப்பா