பாலம் தாண்டாத உத்தரவு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. தம்பி சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறான். சதை பிடித்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. மூத்தவள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. பொய் எழுதத் தெம்பில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டதிலிருந்து ஒன்பது வருஷம் அவன் என் வீட்டில் இருந்தான். சுவருக்குள் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ஸ்விட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நான் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊராருக்குப் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தட்டைத் தடவிச் சாப்பிட்டேன்.

நான்கு முறை மனுக் கொடுத்தேன். இங்கே சட்டம் உனக்குத் தெரியும். தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்று நிரூபித்தால்தான், விருப்பமில்லாதவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியும். நான்காவது முறை டாக்டர் வீட்டுக்கே வந்தார். நம் ஆள்தான் கெட்டிக்காரனாயிற்றே! நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, லிஃப்ட் ஏன் அறுந்து விழாது என்று அரை மணி நேரம் விளக்கினான். டாக்டர் என்னிடம், "தெளிவாத்தானே பேசுறார்மா, நீங்கதான் கொஞ்சம் ஓய்வெடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அனுப்பியது யார் என்று தம்பி கேட்டான். மாடி வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன்.

மனு எழுதிக்கொடுத்த வக்கீலம்மாவிடம் அழுதேன். அவர் காரணம் சொன்னார். ஒரு காலத்தில் வீட்டுக்கு அடங்காதவர்களை எல்லாம் பைத்தியம் என்று எழுதிக்கொடுத்து உள்ளே தள்ளினார்களாம், அதனால்தான் இங்கே கதவை இறுக்கினார்களாம். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் வலித்தது.

பிறகு, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவன் பாலம் தாண்டி உன்னிடம் வந்தான். அந்தக் கரையில் சட்டமே வேறு; உறவினர் ஒருவரின் மனுவும் இரண்டு டாக்டர்களின் கையெழுத்தும் போதும். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ், எட்டு வாரம் சிகிச்சை. ஒரே ஆறு, ஒரே வியாதி. நான் ஒன்பது வருஷம் தட்டிய கதவு உனக்குத் தொட்டதும் திறந்தது. "சின்னவளுக்குத்தான் துணிச்சல்" என்று மாமா ஃபோனில் மெச்சினார். அப்படியென்றால் நான் கோழையா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி உன் மொட்டைமாடியிலிருந்து என்னோடு ஃபோன் பேசுகிறான். "நாலு பேர் என்னைப் பிடிச்சு அமுக்கினாங்க. சின்னக்கா வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தாங்க. நீ ஒரு தடவைகூட அப்படிச் செய்யல பெரியக்கா" என்றான். உன்னை "அவங்க" என்கிறான். என்னை இன்னும் "நீ" என்கிறான். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெல்லமாக இனித்தது. குணமாக்கிய பெயர் அவளுக்கே இருக்கட்டும், தம்பி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு, உன்னிடம் சொல்லாமல் இங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது போட்ட, மாதம் ஒரு ஊசி கட்டாயம் என்ற உத்தரவு அங்கே மட்டும்தான் செல்லுபடியாகும். இந்தக் கரையில் அது வெறும் காகிதம். அதையும் விசாரித்து வைத்திருக்கிறான். "அங்க வந்தா ஊசி வேண்டாம்ல?" என்று கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வா என்றேன். அவன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தேன். மூன்று நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்தேன். மாட்டப் போனபோது சுவரில், அவன் போர்டைப் பிடுங்கிய இடத்தில், நகத்தால் தோண்டிய பள்ளம் தெரிந்தது. அதன் ஓரத்தில் காய்ந்துபோன ரத்தம். அன்று அவன் விரல்களுக்குக் கட்டுப் போட்டவள் நான்தான். அதை எப்படி மறந்தேன்?

நேற்று மதியம் கடையிலிருந்து நானே அவனைக் கூப்பிட்டேன். "டாக்டரை அனுப்பினது மாடி வீட்டுக்காரர் இல்லடா, நான்தான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. சின்னக்காவுக்குக் கிடைச்ச சட்டம் எனக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்" என்றேன். "அப்ப நீங்களும்தானா" என்றான். நீங்கள் என்று சொல்லிவிட்டான், தங்கச்சி. அதற்குப் பிறகு ஃபோனை எடுக்கவில்லை.

அவன் கோபத்தில் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள். பூட்டி வைக்காதே, பேசு. ஊசி போடும் நாளில் நீயும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார். அடுத்த மாதம் ஊசி உத்தரவைத் தொடர்வதா என்று மறுபரிசீலனைக் குழு அவனை விசாரிக்கும் என்று எழுதியிருந்தாய். அங்கே அவன் சொல்வதை அவனே சொல்லட்டும், உன்மேல் குறையாக இருந்தாலும் குறுக்கே பேசாதே. அவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பதை நாம் இருவருமே மறந்துவிட்டோம்.

உன்மேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போகவில்லை. அதை வைத்துக்கொண்டே வாழ்த்துகிறேன்: இருவரும் நோய் நொடியில்லாமல் இருங்கள். அவன் என்னைப் பற்றிக் கேட்காவிட்டாலும், நான் அவனைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா