வடிவின் கையும் துபாய் கவரும்

18-5-84, வெள்ளி

இன்றும் பிடிபட்டாள். நான் குளித்துவிட்டு வரும்போது வடிவு பின்கட்டில் உட்கார்ந்து காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, அதனால் ஒழுங்காக மறைக்கவும் தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிகிறது.

கரப்பான் புண் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். புளி, சாம்பல், சோப்பு எதுவும் படக்கூடாது. வீட்டுப் பாத்திரங்களை முப்பிடாதி வந்து தேய்த்துப் போகிறாள். பூசைச் சாமான் மட்டும் குளித்த கையோடு வீட்டுக்காரிதான் தேய்க்க வேண்டுமாம். ரப்பர் உறை மாட்டிக்கொள் என்றேன். "பொணம் அறுக்குறவங்க மாட்டுறதைப் போட்டுக்கிட்டு சாமி விளக்கைத் தொடச் சொல்லுதியளா?" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வேலைக்கு நடையைக் கட்டினேன். பார்சல் மூட்டைகள் எதிர்த்துப் பேசுவதில்லை.

27-5-84, ஞாயிறு

சிவகிரி போய் மகள் உலகம்மையைப் பார்த்து வந்தோம். ஐந்து மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். ஆடி கழிந்து ஆவணியில் அழைத்துவர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் நல்ல கவனிப்பு. பஸ்ஸில் வடிவு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அசையாமல் இருந்து இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது.

30-5-84

வடிவு டாக்டரிடம் தானாகவே கேட்டாள்: "பேரப்பிள்ளை வந்தா நான் குளிப்பாட்டலாமா?" அவர் அவள் கையைப் புரட்டிப் பார்த்தார். இந்தக் கையோடு பச்சைப்பிள்ளையைத் தொடவே கூடாது, முழுக்க ஆறினால் தாராளமாகக் குளிப்பாட்டலாம் என்றார்.

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். உலகு பிறந்தபோது வடிவுக்குத் தாய் இல்லை. கூலிக்கு ஒருத்தி வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினாள். பாயில் படுத்தபடி இவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

8-6-84, வெள்ளி

மறுபடியும் புளி. மறுபடியும் சண்டை.

10-6-84, ஞாயிறு

அடுத்த வீட்டு காஜா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே ஒரு ஓட்டலில் வேலை. வடிவுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பிளாஸ்டிக் கவர்கள். வாயில் இரண்டு வரி இருக்கிறது, அதைச் சேர்த்து அமுக்கினால் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்தான். ஒரு சொட்டு விழவில்லை. நான் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். "கிழிச்சிராதீய" என்று வடிவு பிடுங்கிக்கொண்டாள்.

எங்கள் குழாயில் உப்புப் படிந்து தண்ணீர் நூலாகத்தான் விழும். காஜா எலுமிச்சம்பழம் பிழிந்து கவரில் ஊற்றி, குழாயின் வாய் அதில் முங்கும்படி கயிறு போட்டுக் கட்டினான். "ஓட்டல்ல இப்படித்தான் செய்வோம் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க." பொறுத்தோம். அவிழ்த்தபோது உப்பெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வடிவு குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். நான் "கிழிச்சிராத" என்றேன். சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சண்டை அதோடு தீர்ந்தது.

15-6-84, வெள்ளி

எனக்கு வந்த யோசனை இது, காஜாவுக்குக்கூட வரவில்லை. விளக்கையும் புளித்தண்ணீரையும் கவருக்குள் போட்டு மூடிவிட்டு, வெளியிலிருந்தே தேய்த்தால் என்ன?

வடிவு லேசில் விடவில்லை. "இதுல முந்தி என்ன வச்சிருந்தாவளோ." "புதுப்பெட்டி மதினி, உங்க கண்ணு முன்னாலதான பிரிச்சேன்" என்று காஜா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான். கவரையும் ஒரு தடவை குளிப்பாட்டித் திருநீறு பூசிய பிறகே சம்மதித்தாள். மடியில் வைத்துச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்தாள். விளக்கு பளிச்சென்று வந்தது. கையில் ஒரு துளி புளி இல்லை.

6-7-84

வெடிப்பு மூடி வருகிறது. கழுவிய கவர்களைக் கொடியில் காயப் போடுகிறாள். தெருவில் போகிறவர்கள் என்ன துணி என்று கேட்கிறார்கள்.

19-7-84, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாளை ஆடியின் முதல் வெள்ளி. இன்று எனக்கு ஓய்வு. வடிவு தங்கையைப் பார்க்கக் காலையிலேயே புளியங்குடி போய்விட்டாள். வருவதற்குள் விளக்கைத் தங்கமாக்கி வைத்து அவளை அசத்த வேண்டும் என்று நினைத்தேன். புளி எதற்கு, குழாய்க்குப் போட்ட எலுமிச்சைதான் ஜோர் என்று கவர் நிறையப் பிழிந்து விளக்கை உள்ளே போட்டு மூடினேன். அந்த நேரம் பார்த்து காஜா வந்தான். "சாரல் அடிக்கி அண்ணாச்சி, ஐந்தருவிக்குப் போவமா?" ஊறட்டும் என்று கிளம்பிவிட்டேன். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, சூடாக வடை தின்று, இன்னொரு தடவை நின்று - விளக்கு ஞாபகமே இல்லை.

சாயங்காலம் வந்து எடுத்தால் விளக்கு சிவந்து கிடக்கிறது. பித்தளையின் மஞ்சளே போய்விட்டது. தேங்காய்நார் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த விளக்கு. அந்த அம்மாவின் ஞாபகமாக அவளிடம் இருப்பதே அது ஒன்றுதான்.

வடிவு வந்தாள். பார்த்தாள். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

20-7-84, வெள்ளி

விடியும்போது சரசரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் செங்கல் பொடியும் புளியும் போட்டு வெறுங்கையால் தேய்க்கிறாள். கையெல்லாம் ரத்தம். ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று கத்திவிட்டேன். நான் செய்த வேலைக்கு அவளிடம் கத்துகிறேன்!

"எங்கம்மைதான் இல்லை. அது கொடுத்ததாவது உலகு வரும்போது நல்லா இருக்கணும்லா" என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான். இதை எழுத எனக்கு என்ன வெட்கம்.

21-7-84

டாக்டர் கோபித்துக்கொண்டார். இனித் துளி பட்டாலும் பிரசவத்துக்குள் ஆறாது என்றார்.

27-7-84, வெள்ளி

விளக்கு இனிமேல் என் பொறுப்பு என்றேன். "ஆம்பிளை பூசைச் சாமான் தேய்க்கதா? ஊர் சிரிக்கும்" என்றாள். "கோயில்ல உலகம்மன் விளக்கை யார் தேய்க்கா? ஆம்பிளைதான?" என்றேன். விளக்கை என் பக்கம் தள்ளி வைத்தாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவளிடம் வாதத்தில் ஜெயித்து எத்தனையோ காலம் ஆயிற்று.

குளித்து ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். கவரில் புளித்தண்ணீர், கொஞ்ச நேரம்தான். பிறகு எடுத்துச் செங்கல் பொடி. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். "அங்கன இல்ல, இங்கன. அடியில. உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" ஒரு ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. எனக்கு இடுப்பு போயிற்று. இவ்வளவு வேலையையும் வாரா வாரம் இவளா செய்தாள்?

17-8-84, வெள்ளி

விளக்கு பாதி மஞ்சள், பாதி சிவப்பு. பரவாயில்லையாம். வடிவின் வலதுகை ஆறிவிட்டது. இடதுகையில் இரண்டு விரல் பாக்கி.

26-8-84

உலகு வந்துவிட்டாள். அம்மா சும்மா உட்கார்ந்திருப்பதையும் அப்பா விளக்கு தேய்ப்பதையும் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டேனோ என்றாள்.

23-9-84

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். வடிவு எட்ட நின்று பார்த்தாள். தூக்கவில்லை. டாக்டர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

5-10-84, வெள்ளி

நேற்று டாக்டர் அவள் கையை விரல் விரலாகப் பார்த்துத் தலையாட்டினார்.

காலையில் வடிவு முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உலகு குழந்தையைக் கொண்டுவந்து அவள் கால்மேல் குப்புறப் போட்டாள். வெந்நீரைக் கலந்து எடுத்து ஊற்றுவது என் வேலை. அவள் முதல் கை நீரைக் குழந்தையின் முதுகில் விட்டாள். அது வீறிட்டு அழுதது. வடிவு பயந்து கையை எடுத்துவிட்டாள்.

"பிள்ளைக்கு என் கை சொரசொரங்குதோ?" என்று என்னைப் பார்த்தாள்.

"இல்லட்டி, தண்ணி சூடு" என்றேன். உண்மையும் அதுதான். பச்சைத் தண்ணீர் கலந்தேன். அவள் மறுபடியும் முதுகில் கையை வைத்தாள். அழுகை நின்றது. குளிப்பாட்டி முடித்துத் துவட்டித் தூக்கியபோது உலகு குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

"இரு ஏட்டி, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள் வடிவு.