கரியனின் நகங்கள்

அக்கா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கதவில் ஐந்து வருடம் இருந்தும் உங்களோடு நாலு வசனம் சேர்ந்தாற்போலப் பேசாதவள், நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று எங்கள் கோட்டு அலுமாரிக்குள்ளிருந்து உங்கள் பால் பெட்டிகளை வெளியே எடுத்தேன். கடைக்குப் பால் வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டை வாயோடு வாய் பொருத்தி, நீலச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிப் பூனைக்கூடு ஆக்கியிருந்தீர்களே, அவைதான். சேலைக் கரையில் இன்னும், பூனைகளுக்கு நீங்கள் ரின் உடைத்து வைக்கும் ரின்மீன் வாசம் இருக்கிறது. ஏன் எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை எழுதமாட்டேன்.

எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் வீடு மாறுகிறவர்கள் மெத்தையை விட்டுப்போவதுபோலப் பூனைகளையும் விட்டுப்போனார்கள். அவை எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் சுடுநீர்க் குழாய்களை ஒட்டிக் கிடந்தன. ஹோட்டல் வேலைக்குப் போகமுன் நீங்கள் அங்கே ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். குளிர் நாட்களில் பூனைகள் என்ஜின் சூட்டுக்குள் ஏறிப் படுக்கும் என்று, கார் எடுக்க வருகிறவர்களை மறித்து, "பொனெற்றிலை ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கோ" என்பீர்கள். தமிழ் விளங்காதவர்களின் காரில் நீங்களே தட்டுவீர்கள். பிடிபட்ட பூனை ஒரு கிழமை உங்கள் குளியலறையில் இருக்கும். அதற்கு மேல் முடியாது. பூனை மயிர் பட்டால் அத்தானுக்குத் தும்மல் நிற்காது.

அந்த ஒரு கிழமைக்குள் வீடு பார்க்க உங்களுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் யூனிவேசிற்றிக்குப் போன முதல் ஆள் என்பதால் என்னைப் பிடித்தீர்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒட்டும் அறிவித்தலை நான் எழுதினேன். அது எனக்குச் சுகமான வேலை. ரெலிபோன்தான் பயம். மணி அடித்தால் அதை உங்கள் பக்கம் தள்ளிவிடுவேன். "யூனிவேசிற்றிப் பிள்ளையை ரெலிபோன் கடிக்குமோ? எடு, நான் பக்கத்திலை நிக்கிறன்" என்று தோளில் கைவைப்பீர்கள்.

கேள்விகள் மூன்றும் எப்போதும் ஒன்றுதான். பல்கணிக்கு வலை அடிச்சிருக்கோ? பகலிலை வீட்டிலை ஆர் நிக்கிறது? வீடு மாறினால் பூனையை என்ன செய்வினம்? மூன்றாவதுக்கு யாராவது தயங்கினால் ரெலிபோனை வைக்கச் சொல்லிவிடுவீர்கள்.

கரியன் வந்தபோது மட்டும் ஒரு கிழமை மூன்று கிழமையானது. நகத்தைக் கொளுவி அலுமாரிக் கதவைத் திறப்பான். பிரிட்ஜின் மேல் ஏறி அங்கிருந்து உங்கள் தோளுக்குப் பாய்வான். ஒருநாள் அவனைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு நீங்கள் லிஃப்டுக்கு வர, வேலைக்குப் புறப்பட்ட அப்பா கறுப்பைக் கண்டு திரும்பி நடந்தார்.

"அண்ணை, அது பெட்டிக்குள்ளை கிடக்கு. உங்களுக்குக் குறுக்கை வந்தது நான்தான்" என்றீர்கள்.

"அதுக்குத்தான் பிள்ளை திரும்பினனான்" என்றார் அப்பா.

அத்தான் மூக்கில் லேஞ்சித் துண்டைக் கட்டிக்கொண்டு, "உன்ரை கரியன் இஞ்சை நிக்கட்டும், நான் பார்க்கிங்கிலை போய்ப் படுக்கிறன்" என்று சொன்ன பிறகுதான் அவனைக் கொடுக்க நீங்கள் மனம் இறங்கினீர்கள்.

விட்பியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். புது வீடு, புதுச் சோபா. மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். பிறகு, பூனையை 'டீக்ளோ' செய்யப்போவதாகவும் அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்றும் கேட்டாள். 'க்ளோ' என்றால் நகம் என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒட்டியிருந்த 'டீ'தான் தெரியாது. அகராதி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருத்தி லைனில் காத்திருக்க, படித்த பெண் அகராதியைப் புரட்டுவதா என்று வெட்கப்பட்டேன்.

"நகம் வெட்டுவினமாம், அக்கா."

"வெட்டட்டும், நல்லது. எனக்குத்தான் அவனைப் பிடிச்சு வெட்டத் தெரியேல்லை."

நான் 'யெஸ்' என்றேன்.

அவள் கரியனைக் கொண்டுபோய் ஒரு மாதம் கழித்து, வழக்கம்போலப் பூனையைப் பார்த்து வர விட்பிக்குப் புறப்பட்டோம். ரெயினில் நீங்கள் மடியில் ரின்மீனை வைத்திருந்தீர்கள். அவள் வீட்டில் கரியன் மேசைக்குக் கீழே இருந்தான். உங்கள் குரலுக்கு வந்தான், தோளுக்குப் பாயவில்லை. மெல்ல நடந்து வந்து காலடியில் இருந்துகொண்டான். நீங்கள் அவனுடைய பாதத்தை எடுத்து விரலை அமுக்கினீர்கள். நகம் வெளியே வரவில்லை. அடுத்த விரலிலும் வரவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. விரலின் கடைசிக் கணுவோடு நகத்தை எடுக்கிற சத்திரசிகிச்சை அது, போனில் கேட்டேனே, சரி என்றீர்களே என்று என்னிடம் சொன்னாள்.

"என்னவாம், பிள்ளை?" என்று கேட்டீர்கள்.

தெரியாத சொல்லுக்குத் தப்பாகப் பொருள் சொன்னது ஒரு பிழை. அதைக்கூட நீங்கள் பொறுத்திருப்பீர்கள். ஆனால் அப்போது என் வாயிலிருந்து வந்தது வேறு.

"டொக்டர் பிழையா வெட்டிப்போட்டாராம்."

எந்த டொக்டரும் பிழை விடவில்லை, அக்கா. எனக்குத் தெரியாத சொல்லுக்கு நான் சம்மதம் சொன்னேன். பிடிபட்டபோது, அங்கே இல்லாத ஒருவரின் தலையில் அதைப் போட்டேன்.

திரும்பும்போது ரின்மீன் திறக்காமலே உங்கள் மடியில் இருந்தது. "பாவம் அந்த வீட்டுப் பிள்ளையள், அவையள் என்ன செய்யிறது. நான்தான் தூரம் எண்டு முதலே போய்ப் பாக்கேல்லை" என்றீர்கள். ஸ்காபரோ தாண்டும்வரை நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஆங்கில வசனத்தை நீங்களே பாடமாக்கினீர்கள். பூனை கேட்டு வருகிற எல்லோரிடமும், என்னை எதிர்பாராமல், "நோ டொக்டர் கட், ப்ளீஸ்" என்பீர்கள். அவர்கள் விளங்காமல் என்னைப் பார்ப்பார்கள். குட்டி போடாமலிருக்கச் செய்யும் சிறிய ஆபரேஷனுக்கும் நீங்கள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டீர்கள். சாம்பல் குட்டியைக் கேட்டு வந்தவள் அதனால்தான் திரும்பிப் போனாள். ஒரு கிழமை முடிய, அது திரும்பவும் தரிப்பிடத்துக்குப் போனது. தை மாதத்துக்குப் பிறகு நாங்கள் அதைக் காணவில்லை. அந்தக் குட்டியைக் குழாய்களுக்குப் பின்னால் நீங்கள் கூப்பிட்டுத் தேடியபோதும் நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

நீங்கள் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரிக்கு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று வந்தேன். நேர்ஸ் நான் யாரென்று கேட்டாள். நீங்கள் ஒட்சிசன் குழாயை விலக்கிவிட்டுப் பெருமையாய், "ஷீ மை இங்கிலிஷ்" என்றீர்கள். நான் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தெரியாத சொல் வந்தால், எத்தனை பேர் இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுகிறேன். முகம் இன்னும் சுடும். ஆனாலும் கேட்கிறேன்.

போன கிழமை விட்பிப் பெண் அழைத்தாள். கணவனுக்கு வேறு நாட்டில் வேலை, பூனையைக் கொண்டுபோக வழியில்லை. வீடு மாறினால் அறிவிப்பதாக உங்களுக்குச் சொன்ன வாக்கை அவள் மறக்கவில்லை. நீங்கள் இல்லை என்பதைச் சொன்னேன். அந்த 'யெஸ்' யாருடையது என்பதையும் சொன்னேன். அவளுக்கே சொல்லியாயிற்று, உங்களுக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது?

பல்கணிக்கு வலை அடித்துவிட்டேன், அக்கா. பகலில் அம்மா நிற்கிறா. அலுமாரிக் கதவைத் திறந்தே வைக்கலாம் என்கிறா. அப்பாவிடம் கறுப்பு என்று சொன்னேன். "காலமை நான் வேலைக்குப் போனாப்பிறகு எழும்பச் சொல்லு" என்றார். வீடு மாறினால், இந்தப் பெட்டிகளில் ஏறி முதலில் எங்களோடு புறப்படுவது அவன்தான்.

சனிக்கிழமை காலை விட்பிக்கு ரெயின். மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டேன். இதைக் கேட்க எனக்கு வாயில்லை என்றும் தெரியும்.

கரியனை எனக்குத் தருவீர்களா?