ஒற்றைக் கை அக்காவின் சமையல் வகுப்பு

அன்பான என் வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் மெஷினில் இடது கை லேசாக மாட்டிக்கொண்டது. பதறாதே, இரண்டு விரலில்தான் கட்டு. மூன்று வாரம் லீவு. அம்மாவிடம் சொல்லாதே. ஒரு கையால் எப்படிச் சமைப்பது என்று முழித்தபோது, அறையில் கூட இருப்பவர் சந்தை மாடியில் நடக்கும் சமையல் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அம்மாடி, அந்தச் சந்தையை நீ பார்க்கணும்! தக்காளியிலேயே மஞ்சள், கறுப்பு, வரி போட்டது என்று இருபது வகை. ஐஸில் ஆளுயர மீன் படுத்திருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆனால் சொல்லித்தரும் அக்காவைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்தே போச்சு. அவருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. மீன் வாலை முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் சீவுகிறார், செதில் மழையாகக் கொட்டுகிறது!

நான் கட்டுப்போட்ட கையை மேஜைக்கு அடியில் ஒளித்தேன். "அதையும் மேல வைப்பா, மீன் நழுவாம பிடிக்க அது போதும்" என்று சிரித்தார். கடைசியில் ஒரு முழு மீனை நானே சுத்தம் செய்து வறுத்தேன். சத்தியமாகக் கருகவில்லை! சாப்பிடும்போதுதான் உங்களுக்கு ஒரு துண்டு தர முடியவில்லையே என்று தொண்டை அடைத்தது. முள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் மீன்குழம்புக்கு அளவெல்லாம் சொல்லு. போனில் வேண்டாம், உன் கையால் எழுதியே அனுப்பு. அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாச்சு, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்