தொண்ணூற்று ஒன்பது மணி நேரம்

பிப்ரவரி 3, திங்கள்

அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பில் முதுகலைப் பொருளாதாரம் படிப்பதை எல்லோரும் அதிசயமாகப் பார்க்கிறார்கள். தங்கை கல்லூரி முடிக்கட்டும் என்று நான் ஆறு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடித்தேன். அது யாருக்கும் அதிசயமில்லை. இன்று பேராசிரியர் அவளுடைய ஆய்வு வரைவைத் தூக்கிக் காட்டி, "இப்படி எழுதணும்" என்றார். என்னுடையதைப் பற்றி, "பரவால்ல, உழைப்பு தெரியுது."

உழைப்பாம். மாடும்தான் உழைக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

பேராசிரியருக்கு ஒரே ஓர் ஆய்வு உதவியாளர் வேண்டுமாம். இருபதாம் தேதி எல்லோரும் ஆய்வை முன்வைக்க வேண்டும். அதை வைத்து முடிவு செய்வார். அந்த இடம் கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு வழி திறக்கும். எனக்கு முப்பது, அவளுக்கு இருபத்துநாலு. யாருக்கு அவசரம்?

அம்மா தொலைபேசியில், "யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்றாள். நம் வீட்டுக்கு வேண்டாம். எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

"ஒரு தடவ பாத்துக் குடுக்கா" என்று வரைவை நீட்டினாள். தையல் ஆலைப் பெண்களைப் பற்றியது. பள்ளிக்கே போகாதவர்கள்தான் வாரத்தில் மிக அதிக நேரம் உழைக்கிறார்கள் என்று கண்டிருக்கிறாள்.

அட்டவணையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கணக்கெடுப்பில் பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறித்திருப்பார்கள். சராசரி போடும் முன் அவர்களை நீக்க வேண்டும். இவள் நீக்கவில்லை. வாய் திறக்காதவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகாதவர்கள். அந்தப் பெண்களெல்லாம் வாரம் தொண்ணூற்று ஒன்பது மணி நேரம் உழைத்ததாக ஆகிவிட்டது.

"எப்படிக்கா இருக்கு?"

"ரெண்டு எடத்துல கமா விட்டிருக்க. மத்தபடி நல்லாருக்கு."

எப்படி நாக்கு வந்தது எனக்கு?

பிப்ரவரி 12, புதன்

பதில் சொல்லாத பெண்கள் நாற்பது பேர். நாற்பத்தொன்றாவது நான்.

பிப்ரவரி 20, வியாழன்

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாவது நிமிடமே பிடித்துவிட்டார். "இந்த 99 யாரும்மா?" அவள் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"வரைவ யார்கிட்டயும் காட்டலையா?" என்றார் பேராசிரியர்.

"காட்டினேன் சார். தப்பு என்னோடதுதான். அக்கா கண்ணுல பட்டிருந்தா சொல்லியிருப்பா."

அடிப்பாவி — கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

இடம் எனக்கு. அவள்தான் முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னிக்கே பாத்தேன்டி. வேணும்னேதான் சொல்லல."

கையை எடுத்தாள். "கமாவெல்லாம் பாத்தியேக்கா" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

பேராசிரியர் அறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டாகிவிட்டது. அவள் ஆய்வைத் திருப்பி எழுதுகிறாள். அந்த நாற்பது பேர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையே கேள்வியாக்கிவிட்டாள். நல்ல கேள்வி. வேறு யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சாப்பிடக் கூப்பிடுகிறாள், 'அக்கா' என்றுதான். வரைவை மட்டும் விடுதியில் பக்கத்து அறைத் தோழியிடம் கொடுக்கிறாள். இன்று நூலகத்தில் இருவரும் ஒரே தாளின் மேல் குனிந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தோழியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.