தோள் இருபது

18 ஆகஸ்ட் 1974, ஞாயிறு

ஆடி முடிந்த கையோடு, தம்பி சேகரின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் மத்திய அரசு ஃபாக்டரியில் எஞ்சினியர். சேகரும் அப்படித்தான். தாத்தா தொடங்கிய சவப்பெட்டிக் கடையை நான்தான் நடத்துகிறேன். காலையிலேயே சேகர் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, பெட்டி, கிட்டின்னு வாயத் திறந்துடாத. கேட்டா ஃபர்னிச்சர்னு சொல்லு." அவன் படித்து ஆளானதே அந்தப் பெட்டிகளால்தான்.

பையனின் அப்பா பூர்வீகம் விசாரித்தார்.

"தாத்தா காலத்துலேர்ந்து சிகந்தராபாத்துதாங்க. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஃபர்னிச்சர் சப்ளை" என்றான் சேகர். பொய்யில்லை. படுத்தவன் எழுந்திருக்காத ஃபர்னிச்சர். நான் காபியோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினேன்.

துக்க வீட்டில் டேப்பை நீட்டினால் அழுகை கூடிவிடும். அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கண்ணாலேயே ஆளை அளந்துவிடுவோம். ஃபாக்டரிக்குப் போனாலும் அது போகாது போலிருக்கிறது. பையன் எழுந்து கும்பிட்டதும், சேகர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். மாப்பிள்ளை கிடைத்துவிட்ட பூரிப்பில், "ஆறடி ஒண்ணு, தோள் இருபது" என்று சொல்லிவிட்டான்.

எனக்குப் புரையேறியது. பையனின் அப்பா சிரித்தார். "அடேயப்பா! தையல் கடையும் இருந்துதோ?"

"ஹவ், ஹவ், அதுவும் இருந்துச்சு" என்று சிகந்தராபாத் பாணியில் ஆமாம் போட்டான் என் தம்பி.

தாத்தாவைத் தச்சராகக்கூட விட்டுவைக்கவில்லை. தூ, வெட்கங்கெட்டவன்.

அளவு மட்டும் சரி. பையன் வாசற்படி ஏறும்போதே நானும் அதைத்தான் போட்டு வைத்திருந்தேன்.