போர்டில் இருக்கும் செல்லம்மா யார்?

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. திருநீர்மலைப் பெருமாள் தயவில் இங்கே எல்லாம் சுகம், உன் அப்பாவின் கோபம் உட்பட. உன் சளி விட்டதா, அந்த டப்ளின் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய் என்றுதான் ஊறுகாய்ப் பார்சலோடு இதை வைக்கிறேன். ஜோஷ்வாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா, வேற மதம், அதுவும் கடைக்காரன் வீடு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு குடைச்சல். பொழிச்சலூரில் ஆரம்பித்துக் கேளம்பாக்கம் வரை கிளை திறந்திருக்கிறார்களே, செல்லம்மா சூப்பர் மார்க்கெட், அந்தச் செல்லம்மா யார்? ஆரம்பித்தவர் ஜோஷ்வாவின் தாத்தா சவுரிமுத்து, பாட்டி பெயரோ ரோஸ்மேரி என்று நீயே சொன்னாய். பெண் கொடுக்கிற இடம், விசாரிக்காமல் விட முடியுமா.

தாம்பரம் கிளையில் பில் போடும் பெண், அது ஓனரோட அம்மா, ஆன்ட்டி என்று அடித்துச் சொன்னாள். பம்மலில் ஒரு ஆட்டோக்காரர், எதிர்ல பொட்டிக்கடை வச்சிகினு இருந்த அம்மா அது, பெரியவரு மனசு கேக்காம அது பேரையே வச்சாரு, தங்கமான மனுஷன் என்றார். எனக்குத் திருப்தி இல்லை. பொழிச்சலூரில் முதல் கடைக்கே போய்க் காலிக் கூடையோடு சுற்றினேன். மறுபடி போனபோது கல்லாவில் இருந்த ஜோஷ்வாவின் அம்மா ஜாஸ்மின் எழுந்து வந்து, நீங்க வித்யா அம்மாதானே, போட்டோல பாத்திருக்கேன், என்ன தெரியணுமோ என்னையே கேட்டுடுங்க என்றாள். என் மானமே போயிற்று. இருந்தாலும் ஆட்டோக்காரர் சொன்னதைச் சொல்லி, நிஜமா என்று கேட்டுவிட்டேன்.

மனசும் இல்ல ஒண்ணும் இல்லைங்க, பயம் என்றாள். நாமே கையால் எடுத்துக்கொள்ளும் கடை என்று மாமனார் திறந்ததும் எதிர்க்கடை செல்லம்மாவிடம் ஈ காக்கை போகவில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து, தெரு மண்ணை வாரிக் கடைமேல் தூற்றிச் சாபம் விட்டிருக்கிறாள். அடுத்த வாரமே புது ஃப்ரீசர் எரிந்துபோனது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர் நடுங்கிப் போய், அவளைக் கூட்டிவந்து கல்லாவில் உட்கார வைத்து, போர்டிலும் அவள் பெயரையே எழுதிவிட்டார். அவள் கண்ணை மூடிய பிறகும் எந்தக் கிளையிலும் பெயரை மாற்ற இவர்களுக்குத் துணிச்சல் இல்லை. வெளிய தர்மம்னு பேசிப்பாங்க, நீங்க நம்பாதீங்க என்றாள். விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுப் பெருமை பேசாத அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவள், உங்க வீட்ல யாருக்கு இஷ்டமில்ல என்றாள். அவருக்குத்தான் என்றேன். சரி, உங்களுக்கு என்றாள். இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை, வித்யா. நீகூட ஒவ்வொரு போனிலும் அப்பா ஒத்துக்குவாரா என்றுதான் கேட்டாய். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. பெருமாள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன் அம்மா
லோகநாயகி